வளைவில் வைத்த பிள்ளையார்

ஜெயரூபியைப் பார்த்து "தூக்கிக்கொண்டு போறம் அக்கா" என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அவருக்குச் சனி உச்சத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்லுவார். சட்டைக் கையை மடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு வருவார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஜெயரூபிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராமல் என்ன செய்யும்? பதினாறு வருசமாக அவளைத் தூக்காத இடம் இந்தக் கிளிநொச்சியில் உண்டா? வாக்குப் போடப் போனால் பள்ளிக்கூடப் படியில் தூக்கினார்கள். அடையாள அட்டைக்குப் போனால் கந்தோர் மாடிப்படியில் தூக்கினார்கள். மாற்றுத்திறனாளிகள் தினத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டு அந்த மேடைக்கும் தூக்கித்தான் ஏற்றினார்கள், கேட்டீர்களா கூத்தை! தூக்குகிறவர்களில் ஒருத்தருடைய கை படக்கூடாத இடத்தில் படும். இன்னொருத்தர் "அக்கா நல்லாச் சாப்பிடுறா போல" என்று பகிடி விடுவார். இறக்கி வைத்ததும் எல்லோரும் ஒருமுறை அவள் முகத்தைப் பார்ப்பார்கள். நன்றி சொல்லவேண்டுமாம். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவாள்.

ஒரேயொரு தூக்கலுக்கு மட்டும் அவள் மனதார நன்றி சொல்லுவாள். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், அவளுக்கு இருபது வயதில், ஷெல் துண்டொன்று முள்ளந்தண்டில் ஏறி இடுப்புக்குக் கீழே உணர்வெல்லாம் போனபோது, தகப்பன் ஐயாத்துரை அவளை உரப்பையில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் நடந்தார். அவர் செத்து இப்போது ஏழு வருசமாகிறது. "அப்பா தூக்கினது என்னைக் காப்பாத்த. இவை தூக்கிறது படம் எடுக்க" என்பாள்.

நகரத்தில் பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தியில் ஒரு தகரக் கொட்டில் இருக்கிறது. அதுதான் ஜெயரூபியின் ஒட்டுக்கடை. சைக்கிள், மோட்டார் சைக்கிள் எதுவானாலும் ரியூப் ஒட்டிக் காற்றடித்துத் தருவாள். இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் வகுப்பு வைத்துப் படிப்பிக்கவில்லை. நிறுவனம் ஒன்று கொடுத்துவிட்டுப் போன சக்கரநாற்காலியில் மூன்றாம் மாதமே காற்றுப் போய்விட்டது. கொடுத்தவர்களைத் தேடினால், திட்டம் முடிந்து கந்தோரையே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கரண்டிக் காம்பால் ரயரைக் கழற்றி, தானே ஒட்டினாள். பிறகு பக்கத்து வீட்டுச் சைக்கிள் வந்தது, அதன் பிறகு தெருச் சைக்கிளெல்லாம் வந்தது. அவள் இருக்கிற மெத்தைகூட லொறி ரியூபை வெட்டி, ஒட்டி, காற்றடித்து அவளே செய்ததுதான். சில்லைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கொஞ்சம்.

அந்தக் கொட்டிலுக்கு நேரெதிரில் எழும்பியதுதான் பொன்வயல் கடைத்தொகுதி. கீழே மரக்கறியும் கருவாடும், நடுவில் புடவையும் பாதணியும், மேலே தொலைபேசிக் கடைகளும் தனியார் வகுப்புகளும். அதற்கும் மேலே மொட்டைமாடி. துருப்பிடித்த கம்பியும் காகமும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அந்த மாடியைப் பொதுமக்கள் இருந்து இளைப்பாறும் இடமாக்குவோம் என்று வெளிநாட்டு உதவி ஒன்று வந்தது. நிழலுக்குக் கூரை, மரத்தொட்டிகள், இருக்கைகள், குடிதண்ணீர், அகலக் கதவு வைத்த மலசலகூடம், குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு மறைப்பு. பெயர்ப்பலகையும் முதலே அடித்துவிட்டார்கள்: "எல்லோருக்குமான மேல்மாடிப் பூங்கா".

நல்ல விசயந்தான், யார் இல்லையென்றது? இந்த ஊர் வெயிலில் ஒரு மனிசர் காசு கொடுக்காமல் இருக்க எங்கே இடம் இருக்கிறது? கிளினிக்குக்கு வந்த கிழவிகள் பஸ் வரும்வரை கடைவாசல்களில் ஒண்டி நிற்பார்கள், கடைக்காரர் துரத்துவார். கைக்குழந்தைக்காரி சந்தைச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்து பால் கொடுப்பாள். ஆம்பிளைகளுக்காவது தேத்தண்ணிக் கடை வாங்கு இருக்கிறது.

ஆலோசனைக் கூட்டத்துக்கு ஜெயரூபியையும் அழைத்தார்கள். படத்துக்கு ஒரு சக்கரநாற்காலி வேண்டும் என்பதற்காகத்தான் அழைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் போனாள். அங்கே பொறியியலாளர் வினோதன் வரைபடத்தை விரித்தான். லிப்ட் கடைசிக் கடைமாடியோடு நின்றுவிடும். அங்கிருந்து மொட்டைமாடிக்கு ஐந்தடி உயரம், பத்துப் படி. பக்கத்தில் முப்பதடி நீளத்தில் சாய்வுப் பாதை.

"அஞ்சடிக்கு முப்பதடியோ?" என்றாள் ஜெயரூபி. "தம்பி, நாளைக்கு என்ர கடைப்பக்கம் ஒருக்கா வாங்கோ."

அவனும் பாவம், வந்தான். அவள் வாங்கில் மாறியிருந்துகொண்டு தன் சக்கரநாற்காலியை அவனுக்குக் கொடுத்தாள். அரை அடி உயரத்தில் மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்து, "ஏறுங்கோ பாப்பம்" என்றாள். அவன் கைகளால் சில்லை உந்தினான். பாதியில் முன்சில்லு இரண்டும் அந்தரத்தில் எழும்பியது. ஜெயரூபி எட்டிப் பின்பிடியைப் பிடித்திராவிட்டால் அவன் மண்டை தார் வீதியில் அடிபட்டிருக்கும்.

"பயந்திட்டியளோ? எனக்கு ஒவ்வொரு நாளும் உதுதான்."

"எவ்வளவு நீளம் வேணும் அக்கா?" என்று கேட்டான், முகமெல்லாம் வெளிறி.

"அடிக்குப் பன்னிரண்டு அடி. அஞ்சடிக்கு அறுபது. நடுவில திரும்பிற இடத்தில அஞ்சுக்கு அஞ்சு சமதரை. அது குறைஞ்சா கதிரை திரும்பாது, சொல்லிப்போட்டன்."

சொன்னபடியே கட்டினான், அந்த நன்றி அவனுக்கு என்றைக்கும் உண்டு. முப்பதடி ஏறி, வளைவில் திரும்பி, மறுபடி முப்பதடி ஏறும் பாதை. சீமெந்து காய்ந்த அன்றைக்கு அவள் லிப்டில் போய் வளைவுவரைக்கும் ஏறிப் பார்த்தாள். மேலே வேலை நடந்ததால் அதற்கு அப்பால் விடவில்லை. ஒரு கை தொடாமல், ஒருவருக்கும் நன்றி சொல்லாமல், இந்த ஊரின் உச்சிக்குத் தன் கையாலேயே ஏறப்போகிறாள். இடுப்பு மட்டத்திலிருந்தே பதினாறு வருசமாகப் பார்த்த ஊரை ஒரு நாளைக்காவது மேலேயிருந்து பார்க்கப்போகிறாள். திறப்பு விழாவுக்கு நாளை எண்ணத் தொடங்கினாள்.

அப்போதுதான் பிள்ளையார் வந்தார்.

மாபிள் ஒட்டிய தொழிலாளி ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். உடனே வர்த்தகர் சங்கத் தலைவர் சிவராசா, நடுமாடியில் புடவைக்கடை வைத்திருக்கிறவர், கட்டடத்துக்குக் காவல் இல்லை என்று கண்டுபிடித்தார். பிள்ளையாரைக் கன்னிமூலையில் வைக்கவேண்டுமாம். கட்டடத்தின் கன்னிமூலை எதுவென்று பார்த்தால், அந்த ஐந்துக்கு ஐந்து வளைவாம்! ஒன்றரை அடியில் ஒரு சீமெந்துப் பிள்ளையாரை வாங்கி வந்து, நாலு கொங்கிறீட் கல்லை அடுக்கிப் பலகை போட்டு, மஞ்சள் பட்டு விரித்து வைத்துவிட்டார்கள். கால்நடையாகப் போகிறவர்கள் பத்துப் படியில் ஏறிப் போகலாம். சக்கரநாற்காலி மட்டும் வளைவில் திரும்பவே முடியாது. மாடி நிறைய இடம் கிடக்க, இந்த நாட்டிலேயே ஜெயரூபிக்குத் தேவைப்பட்ட அந்தத் துண்டுச் சமதரைதான் அவர்கள் கண்ணில் பட்டது!

அதோடு விட்டார்களா? முதல் நாள் ஒரு பலகை: "பாதணிகளைக் கழற்றவும்." இரண்டாம் நாள் இன்னொரு பலகை: "சில்லுள்ள எதுவும் சாமியைக் கடந்து செல்லத் தடை." சில்லு வீதி அழுக்கில் உருண்டு வருகிறதாம், தீட்டாம். மூன்றாம் நாள்: "மச்சம் மாமிசத்துடன் மேலே செல்லத் தடை." இப்படியே போனால் எல்லோருக்குமான பூங்காவில் சிவராசாவும் அவருடைய மச்சானும் மட்டும்தான் இருந்து காற்று வாங்கலாம்.

மூன்றாம் பலகையில் அடிபட்டவர் புனிதமலர். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர், கீழ்மாடியில் கருவாட்டுக் கடை. அந்தக் கடைக்கு யன்னல் கிடையாது, மத்தியானத்தில் சூளைதான். மேலே கூரை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இனி மத்தியானச் சோற்றைக் காற்றோட்டமாக இருந்து தின்னலாம் என்று சந்தோசப்பட்ட மனுசி. ஒரு நாள் சும்மா பார்த்துவர ஏறியவரைக் காவலாளி படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு போனவரை!

"என்ர கை மணக்குதாம் பிள்ளை," என்று ஒட்டுக்கடை வாங்கில் வந்திருந்து சொன்னார்.

"நீங்கள் பேசாமலோ வந்தனீங்கள், அக்கா?"

"நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போறவள். நான் வாய் திறந்தா அது வேற கதையாப் போயிடும். சாமிக்கு எதிராப் பேசினவள் எண்டு என்ர கடையையும் எழுப்பிப்போடுவினம்."

அது பொய்யில்லை என்று ஜெயரூபிக்குத் தெரியும். கையிலிருந்த ரியூபை வாளித் தண்ணீரில் அமத்தினாள். குமிழி வந்த இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வினோதனிடம் கேட்டால், "நான் எழுதிக் குடுத்தனான் அக்கா. மூண்டு மேசைக்குப் போய்த் திரும்பி வந்திட்டுது. சாமியை எடுக்கச் சொல்லி ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினமாம்" என்றான். ஒரு மனுசியின் வழியை அடைக்க ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை, பாருங்கள். திறக்கத்தான் மூன்று மேசை!

ஜெயரூபி ஒன்றும் சாமி இல்லையென்கிற ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, விபூதி பூசாமல் கடையைத் திறக்கமாட்டாள். அவளுக்கு வந்த கோபத்தில் பாதி பிள்ளையாருக்காகவும்தான். ஆற்றங்கரையில், மரத்தடியில், போகிறவர் வருகிறவர் குட்டிக் கும்பிட வழியோரம் இருக்கிற ஆளைக் கொண்டுவந்து வழியை மறிக்கிற காவல்காரன் ஆக்கிவிட்டார்களே!

திறப்பு விழாவுக்கு மூன்று நாளிருக்கக் கோயில் ஐயரின் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுப் போனது. பின்சில்லைக் கழற்றிக்கொண்டே ஜெயரூபி கேட்டாள்.

"ஐயா, மேல இருக்கிற பிள்ளையாருக்குக் கண் திறந்ததோ?"

ஐயர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இல்லைப் பிள்ளை. பிரதிட்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. கடையில வாங்கினபடியே கொண்டுவந்து வைச்சிருக்கினம். நானும் போய் ஒரு கற்பூரம் காட்டினதோட சரி."

"அப்ப இடம் மாத்தலாமோ?"

"தாராளமா மாத்தலாம். பிரதிட்டை செய்த சாமியையே பாலஸ்தானம் செய்து வேற இடத்தில இருத்திப்போட்டுத்தானே கோயில் திருத்திறம். இது கையால தூக்கி வைக்கிற விசயம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா பிள்ளை, என்னைச் சாட்சிக்கு இழுத்துப்போடாதை. சிவராசாதான் எங்கட திருவிழாவுக்கு ஒரு நாள் உபயகாரர்."

"சரி ஐயா. ரியூப்பில ரெண்டு ஓட்டை," என்று மட்டும் சொல்லி வேலையைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விழா. அழைப்பிதழில் ஜெயரூபியின் பெயரும் அச்சாகியிருந்தது: மங்கல விளக்கேற்றுபவர்களில் ஒருவர், "மாற்றுத்திறனாளிகள் சார்பில்". ஆக, அவள் மேலே வரத்தான் வேண்டும். அவளுடைய சில்லு மட்டும் வரக்கூடாது. எப்படி இருக்கிறது நியாயம்!

காலையில் தலைக்குக் குளித்து, புது நூற்சேலை உடுத்து, மடியில் ஒரு ரப்பர்ப் பட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். கரியரில் சாமான் கட்டுவதற்கு ரியூபை நீளமாக வெட்டிச் செய்த பட்டி அது. லிப்டில் ஏறி, முதல் முப்பதடியையும் தன் கையால் உந்தி, வளைவின் வாயில் போய் நின்றாள். பிள்ளையார் எதிரே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நாலு இளைஞர்கள் ஒரு பிளாஸ்ரிக் கதிரையோடு நின்றார்கள். பின்னால் படமெடுக்கிறவர்.

சிவராசா பட்டு வேட்டி சரசரக்க இறங்கி வந்தார். "வாங்கோ தங்கச்சி, வாங்கோ. வீல்செயரை இதில விட்டிட்டு இந்தக் கதிரையில மாறுங்கோ. பெடியள் தூக்கிக்கொண்டு போவாங்கள்."

"பிள்ளையார் ஏன் அண்ணை இதில இருக்கிறார்?"

"காவலுக்கு."

"ஆரிட்ட இருந்து காவல்? என்னட்ட இருந்தோ?"

படியில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. மேலே நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சிவராசா சிரிப்பை விடாமல் குரலை மட்டும் இறக்கினார். "விசர்க்கதை கதைக்காதேங்கோ. உங்கட சில்லு வீதியில உருண்டு வருது. சாமியைத் தாண்டி அதைக் கொண்டுபோறது சரியில்லை, உங்களுக்கே விளங்கும்."

ஜெயரூபிக்கு மூன்று கிழமையாக அடக்கியது எல்லாம் தொண்டைக்கு வந்தது. "தேர்ச் சில்லு எங்க அண்ணை உருளுது? ஆகாயத்திலயோ? வீதியிலதானே! அதே தூசி, அதே சாணி. அது உருண்டு வந்தா வடத்தைப் பிடிச்சு இழுக்கிறியள். என்ர சில்லுக்கு மட்டும் பலகை எழுதி வைக்கிறியள். புனிதமலர் அக்கான்ர கைக்கும் பலகை. இன்னும் ஆருக்கெல்லாம் பலகை வைச்சிருக்கிறியள்? எல்லாத்தையும் ஒண்டாச் சொல்லிப்போடுங்கோ!"



அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் குட்டிக் கும்பிட்டாள். "அப்பனே, மன்னிச்சுக்கொள்ளும், வாரும்" என்று சொல்லி, பட்டோடு சேர்த்துப் பிள்ளையாரைத் தூக்கித் தன் மடியில் இருத்தினாள். ரயர் கழற்றிக் கழற்றிப் பலமேறிய கை அது. ரப்பர்ப் பட்டியை அவரையும் தன்னையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொளுவினாள்.

"பிடியுங்கோடா!" என்றார் சிவராசா. யாரைப் பிடிப்பது? பிள்ளையாரையா? நாலு இளைஞர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவனும் கை வைக்கவில்லை.

கீழேயிருந்து புனிதமலர் சனத்தை விலக்கிக்கொண்டு ஏறி வந்தார். வெறுமையாகக் கிடந்த பலகையையும் கொங்கிறீட் கற்களையும் பார்த்தார். "இப்ப இது வெறுங்கல்லுத்தானே? கல்லைத் தூக்கிறதுக்கு வேதமெண்டும் சைவமெண்டும் இல்லை" என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். ஐந்துக்கு ஐந்தும் வெளித்தது.

மேலே தட்டோடு நின்ற ஐயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உபயகாரருக்கு எதிரே சொல்லவும் மாட்டார். ஆனால் சாமி எழுந்தருளிவிட்டது, மணி இல்லாமல் சாமி நகரலாமா? கை தானாகப் போய் மணியை எடுத்தது. மணிச் சத்தம் கேட்டதும் நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பினார். அவருக்கும் பழக்கதோசம், தவிற்காரரும் சேர்ந்துகொண்டார். படியிலும் பாதையிலும் நின்ற சனம் சுவரோடு ஒட்டி வழி விட்டது, கைகள் தலைக்கு மேலே போயின. சிவராசாவின் கைகளும்தான் போயின. சின்ன வயதிலிருந்து பழகிய கை, அவர் சொல்லையா கேட்கும்!

ஜெயரூபி வளைவில் திரும்பினாள். கதிரை இடிக்காமல் திரும்பியது, கணக்குச் சரி. முப்பதடியையும் உந்தினாள். பாரம் கூடியதால் தோள் எரிந்தது, வியர்வை கண்ணுக்குள் ஓடியது. பின்னால் ஒருத்தர் தள்ள வந்தபோது "தொடாதேங்கோ!" என்று ஒரு அதட்டுப் போட்டாள். கடைசி உந்தலில் முன்சில்லு மொட்டைமாடித் தரையில் ஏறியது. காற்று முகத்தில் அடித்தது. நாலு பக்கமும் கூரைகளும் தென்னைகளும், தெற்கே இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல்களும் பச்சையாகக் கிடந்தன. அவளுடைய தகரக் கொட்டில் கீழே நெருப்புப்பெட்டி அளவில் தெரிந்தது. கண் கலங்கியதை அவள் மறைக்கவில்லை.

தொட்டியில் நட்டிருந்த வேப்பங்கன்றின் அடியில் பிள்ளையாரை இறக்கி வைத்தாள். ஐயர் கற்பூரம் காட்டினார். அங்கே அவர் ஒருத்தருக்கும் இடைஞ்சலாக இருக்கவில்லை.

இதோடு முடிந்திருக்கவேண்டும், இல்லையா? முடிந்தால் அது எங்களுடைய ஊரா! பிரதம அதிதி வந்தார், மாலை விழுந்தது, அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் முழங்கினார்: "அடுத்து மங்கல விளக்கேற்றல். மாற்றுத்திறனாளிகள் சார்பில் செல்வி ஜெயரூபி அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

ஜெயரூபி திரும்பிப் பார்த்தாள். பூவும் வாழைக்குருத்தும் கட்டிய மேடை. அதன் நடுவில் ஆளுயரக் குத்துவிளக்கு. மேடைக்கு ஏற மூன்று படி, சாய்வு ஒன்றும் இல்லை. எல்லோருக்குமான பூங்காவில், அவளுக்காகவே அறுபதடி கட்டிய இடத்தில், விளக்கைக் கொண்டுபோய் மூன்று படிக்கு மேல் வைத்திருக்கிறார்கள்! வினோதன் தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த நாலு இளைஞர்களும் பழக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்கள்.

"அக்கா, மூண்டே மூண்டு படிதான். ஒரு நிமிசத்தில தூக்கி..."

ஜெயரூபி அவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள், மேடைப்பக்கம்.

"தூக்கத்தான் வேணுமெண்டா அந்த விளக்கைத் தூக்கிக்கொண்டு கீழ வாங்கோ. பிள்ளையாரே என்ர மடியில வந்தவர். விளக்குக்கு என்ன குறைச்சல்?"

பிரதம அதிதி சிவராசாவைப் பார்த்தார், சிவராசா தரையைப் பார்த்தார். நாலு இளைஞர்களும் கதிரையை ஓரமாக வைத்தார்கள். பிறகு மேடையில் ஏறி, எண்ணெய் சிந்தாமல், விளக்கை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துத் தூக்கி, மூன்று படியும் இறக்கிக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் வைத்தார்கள்.